பவர் பத்திரமும் உறவின் பொறுப்பும்

ஒருவர் தம் பெயரில் தமக்குப் பதிலாகச் செயல்படும் உரிமையை மற்றொருவருக்கு எழுதிக் கொடுப்பதைச் சட்டம் அதிகார ஆவணம் என்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்திலும் பத்திர எழுத்தரிடத்திலும் அதனைப் பவர் பத்திரம் என்றும், அதைப் பெற்றவரான முகவரைப் பவர் ஏஜென்ட் என்றும் வழங்குகின்றனர். வெளியே சென்றுவர இயலாத முதிய தாய் மகளுக்கும், துபாயிலோ டொராண்டோவிலோ பணிபுரியும் அண்ணன் ஊரிலிருக்கும் தம்பிக்கும், நோயுற்ற கணவர் மனைவிக்கும் எழுதிக் கொடுக்கும் இத்தகைய ஆவணங்கள் தமிழ்நாட்டில் நாள்தோறும் பதிவாகின்றன. பதிவு நாளன்று முத்திரைத் தீர்வை, சாட்சிகள், ஆதார் அட்டை, சொத்து விவரப் பட்டியல் ஆகியவை பற்றியெல்லாம் விரிவாகப் பேசும் குடும்பங்கள், அதிகாரத்தைப் பெறுபவர் அன்று முதல் என்னென்ன கடமைகளுக்கு உட்படுகிறார் என்பதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. பின்னாளில் நீதிமன்றப் படியேறும் உடன்பிறந்தோர் வழக்குகள் பலவற்றின் தொடக்கம் இவ்வாறு பேசாமல் விட்ட இடத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவில் அதிகார ஆவணங்களுக்கென 1882-ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது என்றாலும், அது மிகச் சிறியது; முகவர் எவ்வாறு கையெழுத்திட வேண்டும், அதிகாரம் அளித்தவர் இறந்துவிட்டதை அறியாமல் நல்லெண்ணத்தோடு பணம் செலுத்திய முகவருக்கு என்ன பாதுகாப்பு என்பன போன்ற சில செய்திகளோடு அது நின்றுவிடுகிறது. கடமைகளின் முழுவடிவம் இருப்பது அதற்குப் பத்தாண்டுகள் மூத்த 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பத்தாம் அத்தியாயத்தில். பிரிவு 182 முதல் 238 வரை நீளும் அந்த அத்தியாயம், வணிகர்களையும் அவர்தம் தரகர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டதாயினும், தந்தைக்காகச் செயல்படும் மகனுக்கும் அக்காளுக்காகச் செயல்படும் தங்கைக்கும் அதே அளவில் பொருந்துகிறது. உறவினர் என்பதற்காக அச்சட்டம் கடமையைத் தளர்த்தவில்லை. நெருங்கிய உறவும் முழு நம்பிக்கையும் உள்ள இடத்தில் நீதிமன்றங்கள் முகவரின் நடத்தையை மேலும் கூர்ந்தே நோக்குகின்றன.

முதற்கடமை, கொடுக்கப்பட்ட அதிகாரத்தின் எல்லைக்குள் நிற்பது. அதிகாரம் அளித்தவரின் அறிவுறுத்தலின்படியே முகவர் செயல்பட வேண்டும் என்று பிரிவு 211 கூறுகிறது. அறிவுறுத்தலை மீறியதால் இழப்பு நேர்ந்தால் முகவர் அதனை ஈடுசெய்ய வேண்டும், ஆதாயம் கிடைத்தால் அதற்கும் கணக்குக் கொடுக்க வேண்டும். ஆவணத்தில் எழுதப்படாத அதிகாரத்தை ஊகித்துச் சேர்த்துக்கொள்ள முடியாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவரும் விதி. கேரளத்தைச் சேர்ந்த இரு சகோதரிகளின் வழக்கு இதற்குத் தெளிவான சான்றாகும். தந்தை உயில் எழுதாமல் இறந்தபின், சகோதரிகளுள் ஒருவர் 1971-இல் மற்றவருக்குப் பொது அதிகார ஆவணம் பதிவு செய்து கொடுத்தார்; 1985-இல் அதனை ரத்து செய்தார்; இடைப்பட்ட காலத்தில் முகவரான சகோதரி சொத்துகள் சிலவற்றை வெளியாருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பாகப்பிரிவினை கோரிய வழக்கு படிப்படியாக மேலே சென்று, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிவுற்றபோது, குத்தகைக்கு விடவும் அடமானம் வைக்கவும் அந்த ஆவணம் அதிகாரம் அளித்திருந்தாலும் விற்பதற்கான அதிகாரம் அதில் வெளிப்படையாக இல்லை, ஆகவே முகவர் செய்த விற்பனை அதிகாரம் அளித்தவரின் பங்கைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பாயிற்று. ஆவணம் எழுதியதற்கும் தீர்ப்புக்கும் இடையே ஐம்பதாண்டுகள் கடந்திருந்தன. பத்திரத்தைப் படித்துப் பார்க்காமல் 'அக்காள்தான் பவர், அவர் கையெழுத்துப் போதும்' என்று சொத்து வாங்கியவர்களும் இத்தகைய வழக்குகளில் இழப்புக்கு ஆளாகின்றனர்.

விற்கும் அதிகாரம் உள்ளது என்பதனாலேயே தானமாகக் கொடுக்கும் அதிகாரமும் உள்ளது என்று கொள்ள முடியாது. தந்தையின் வீட்டை விற்று அவர் மருத்துவச் செலவுக்குப் பயன்படுத்த அதிகாரம் பெற்ற மகன், அதே வீட்டைத் தன் மனைவி பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதினால், பதிவு அலுவலகத்தில் அந்த ஆவணம் பதிவாகிவிட்டாலும் நீதிமன்றத்தில் அது நிற்பது அரிது. உயில் எழுதுவது போன்ற, ஒருவர் தாமே செய்தாக வேண்டிய செயல்களையும் எந்தப் பவரும் மற்றவர் கைக்கு மாற்றாது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதிலும் இவ்வெல்லை உண்டு. அதிகாரம் அளித்தவருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்த செய்திகளைப் பற்றி அவருக்குப் பதிலாக முகவர் சாட்சியம் அளிக்க இயலாது என்று, இன்டஸ்இண்ட் வங்கி தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2004-இல் தெளிவுபடுத்தியது. பெற்ற அதிகாரத்தை முகவர் தம் விருப்பப்படி வேறொருவருக்குக் கைமாற்றுவதையும் பிரிவு 190 பொதுவாகத் தடுக்கிறது; அண்ணன் நம்பியது தம்பியை, தம்பியின் மைத்துனரை அன்று.

இக்கடமைகளுள் குடும்பங்களில் மிகுதியாக மீறப்படுவதும் மீறியவர் உணராமலேயே போவதும், முகவர் தம் சொந்த நலனை அதிகாரம் அளித்தவரின் நலனோடு மோதவிடக் கூடாது என்னும் கடமையே. ஒப்பந்தச் சட்டத்தை எழுதியவர்கள் பிரிவு 215-க்கும் 216-க்கும் தந்திருக்கும் எடுத்துக்காட்டுகள் நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் தமிழ்நாட்டு வீடுகளில் நடப்பவற்றை அப்படியே காட்டுகின்றன. தன் நிலத்தை விற்கச் சொல்லி ஒருவர் முகவரை நியமிக்க, முகவர் மூன்றாம் மனிதர் பெயரில் அதனைத் தானே வாங்கிக்கொள்கிறார். முக்கியமான செய்தியை முகவர் வேண்டுமென்றே மறைத்தார் என்றோ, அந்த விற்பனை தமக்குப் பாதகமாக முடிந்தது என்றோ காட்டினால் உரிமையாளர் அதனை ஏற்க மறுக்கலாம். ஒரு குறிப்பிட்ட வீட்டை வாங்கித் தரச் சொன்னவரிடம் 'அது கிடைக்காது' என்று பொய் சொல்லிவிட்டு முகவர் அதனைத் தமக்கு வாங்கிக்கொண்டால், கொடுத்த விலைக்கே அதனைத் தமக்கு விற்குமாறு உரிமையாளர் கட்டாயப்படுத்தலாம். இதனோடு 1882-ஆம் ஆண்டு இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தின் 88-ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: பிறர் நலனைக் காக்கக் கடமைப்பட்ட முகவர், அந்த நிலையைப் பயன்படுத்தித் தமக்குப் பண ஆதாயம் தேடிக்கொண்டால், அந்த ஆதாயத்தை அவர் யாருடைய நலனைக் காக்க வேண்டியிருந்ததோ அவருக்காகவே வைத்திருப்பவர் ஆகிறார்.

இத்தகைய வழக்குகளில் நிரூபிக்கும் பொறுப்பு யாருக்கு என்பது முடிவைத் தீர்மானிக்கிறது. ஒருவர் மீது மற்றவர் முழு நம்பிக்கை வைத்திருக்கும் உறவில் நடந்த பரிமாற்றம் நேர்மையானதா என்ற கேள்வி எழுந்தால், நம்பப்பட்டவரே அதன் நேர்மையை நிரூபிக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் 111-ஆம் பிரிவில் விதித்தது. அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய சாட்சிய அதிநியமும் அவ்விதியைத் தொடர்கிறது. அப்பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, அப்போதுதான் உரிய வயதடைந்த மகன் தந்தைக்குச் சொத்தை விற்பது பற்றியது. இன்று நீதிமன்றங்களுக்கு வரும் வழக்குகளிலோ எண்பது வயதுத் தந்தையின் சொத்து ஐம்பது வயது மகனிடம் போயிருக்கிறது; வயதினாலும் நோயினாலும் மனவலிமை குன்றியவர் மீது ஆதிக்கம் செலுத்தும் நிலையில் உள்ளவரைப் பற்றி ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தனியே பேசுவதும் இத்தகைய நிலைமைகளுக்காகவே. 'அப்பா மனமுவந்துதான் கொடுத்தார்' என்று மகன் சொல்வது போதாது, அவர் மனமுவந்து கொடுத்தார் என்பதைக் காட்டும் சான்றும் வேண்டும்.

கணக்கு வைத்தல் அடுத்த கடமை. கேட்கும்போது முறையான கணக்குக் கொடுக்க வேண்டும் என்று பிரிவு 213-உம், பெற்ற தொகை அனைத்தையும் தமக்குரிய செலவைக் கழித்துக்கொண்டு ஒப்படைக்க வேண்டும் என்று பிரிவு 218-உம் கூறுகின்றன. தாயின் ஓய்வூதியமும் வீட்டு வாடகையும் மகனின் சொந்தக் கணக்கில் வந்து சேர்ந்து, அதே கணக்கிலிருந்து மகனின் கடன் தவணையும் தாயின் மருந்துச் செலவும் போய்க்கொண்டிருந்தால், நான்கு ஆண்டுகள் கழித்து எது யாருடைய பணம் என்று நேர்மையான மகனாலும் சொல்ல முடியாது. ஆகவே தாயின் வருவாய் தாயின் கணக்கிலேயே வரவேண்டும். செலவும் அங்கிருந்தே போகவேண்டும். ரசீதுகளை ஆண்டுவாரியாகக் கோப்பில் வைக்கவேண்டும். சொத்து விற்றால் முழுத்தொகையும் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ உரிமையாளரின் கணக்குக்கே செல்லவேண்டும். அந்த விற்பனையால் எழும் மூலதன ஆதாய வரிக்கும் பொறுப்பாளர் உரிமையாளரே என்பதால், தொகை முகவர் கணக்கில் தங்கிவிட்டால் வரிச் சுமை ஒருவரிடமும் பணம் மற்றவரிடமும் நிற்கும். முகவரிடம் சேர்ந்து கணக்குக் காட்டப்படாத தொகைக்காக வழக்குத் தொடர 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. கணக்குக் கேட்டு மறுக்கப்பட்டதிலிருந்தோ, கேட்கப்படாவிட்டால் அதிகாரம் முடிவுற்றதிலிருந்தோ அக்காலம் தொடங்குகிறது. பணத்தை நேர்மையற்ற முறையில் தமதாக்கிக்கொண்ட முகவர் மீது நம்பிக்கை மோசடிக் குற்றம் சாட்டவும் இடமுண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவின்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம்.

சட்டம் ஓரளவே தொட்டுச்செல்லும் அறக்கேள்விகள் இக்கடமைகளுக்கு அப்பால் இருக்கின்றன. பெற்றோரை உடனிருந்து பராமரிக்கும் பிள்ளையிடமே பவர் இருப்பது இயல்பு. தன் வேலையை விட்டுவிட்டுப் பத்தாண்டுகள் தாயைக் கவனித்துக்கொண்ட மகளின் உழைப்புக்கு எதுவும் இல்லையா என்பது நியாயமான கேள்வியே. ஆனால் முகவருக்கான ஊதியம் இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டியது. தாய் தெளிவோடு இருக்கும்போது மாதம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால் அது மகளின் உரிமை, எழுதாமல் மகளே எடுத்துக்கொண்டால் அது எத்துணை நியாயமான தொகையாயினும் கேள்விக்கு உட்பட்டது. பேத்தியின் காதுகுத்துக்கும் உறவினர் திருமணத்துக்கும் மொய்யும் சீரும் செய்துவந்த தந்தை படுத்த படுக்கையானபின், அவர் பணத்திலிருந்து மகன் அந்தச் சீரைத் தொடரலாமா என்பதும் இவ்வகைக் கேள்வியே. தந்தை எப்போதும் செய்துவந்த அளவில், அவர் வருவாய்க்கு உட்பட்டு, அவர் பெயரில் செய்வது அவர் விருப்பத்தை மதிப்பதாகும்; அதையும் ஆவணத்தில் ஒரு வரியாக எழுதி வைத்துவிட்டால் பின்னர் எவரும் குறை சொல்வதற்கு இடமிராது.

உடன்பிறந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமா என்பதில் சட்டமும் குடும்ப வழக்கமும் வேறுபடுகின்றன. அதிகாரம் அளித்தவர் உயிருடனும் தெளிவுடனும் இருக்கும் வரையில் கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கே உரியது. மற்றப் பிள்ளைகள் அதனை உரிமையாகக் கோர முடியாது, தாய் தன் வைப்புத்தொகை எவ்வளவு என்பதை மூத்த மகனுக்குத் தெரிவிக்க விரும்பாவிட்டால் முகவரான இளைய மகள் அதனை மறைத்துவைக்கவே கடமைப்பட்டவள். எனினும் தாயின் ஒப்புதலோடு ஆண்டுக்கு ஒருமுறை வரவுசெலவை எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவைக்கும் முகவர், தம்மீது பின்னாளில் எழக்கூடிய ஐயங்களுள் பெரும்பகுதியை முன்கூட்டியே நீக்கிவிடுகிறார். இதைவிட முதன்மையானது, அதிகாரம் அளித்தவரிடமே கேட்டுச் செய்வது. சிக்கல் எழும்போது உரிமையாளரைத் தொடர்புகொண்டு அவர் அறிவுறுத்தலைப் பெற இயன்ற முயற்சியெல்லாம் செய்யவேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 214 கட்டளையிடுகிறது. தாய் அடுத்த அறையில் இருக்கும்போது அவரைக் கேளாமலே அவர் நகையை அடகு வைப்பது, நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், அக்கட்டளைக்கு எதிரானது. பவர் எழுதிக் கொடுத்தவர் தம் உரிமையை இழந்துவிடவில்லை. அவர் தாமே நேரில் சென்று அதே வீட்டை வாடகைக்கு விடலாம், அப்படி விடுவதே முகவரின் அதிகாரத்தை அந்த அளவில் ரத்து செய்வதாகும் என்று பிரிவு 207 காட்டுகிறது.

வெளிநாடுவாழ் தமிழர்களின் பவர்களுக்கு வேறு சில கட்டுப்பாடுகளும் உண்டு. அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ நோட்டரி முன்னிலையிலோ கையெழுத்திட்டு அனுப்பப்படும் ஆவணத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்துசேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். என்.ஆர்.இ. எனப்படும், வெளிநாட்டு வருவாயைச் செலுத்தும் வங்கிக் கணக்கை இயக்க ஊரிலுள்ள உறவினருக்கு அதிகாரம் அளிக்கலாமாயினும், உள்ளூர்ச் செலவுகளைச் செய்யவும் பணத்தைக் கணக்குதாரருக்கே அனுப்பவும் மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம்; கணக்குதாரர் சார்பில் மற்றவருக்கு அன்பளிப்பாகப் பணம் கொடுக்க முகவருக்கு அனுமதி இல்லை. அசையாச் சொத்து தொடர்பான அதிகார ஆவணங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக விதித்திருப்பதும், போலிப் பவர்களால் நிலம் பறிபோவதைத் தடுக்கும் நோக்கம் கொண்டதே. பவரைக் கொண்டே சொத்துரிமையை மாற்றிவிடும் வழக்கத்தை 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. அந்தத் தீர்ப்பிலும், கணவர், மனைவி, மகன், மகள், உடன்பிறந்தோர் போன்ற உறவினருக்குத் தம் காரியங்களைக் கவனிக்கவோ கிரயம் எழுதிக் கொடுக்கவோ உண்மையாக அளிக்கப்படும் அதிகாரத்துக்கு ஊறு நேராது என்று நீதிபதிகள் தனியே குறிப்பிட்டனர்.

இதுவரை கூறியவை அனைத்தும் அதிகாரம் அளித்தவர் தெளிந்த மனநிலையில் இருக்கும் காலத்துக்கு உரியவை. இந்தியச் சட்டத்தின் மிகப் பெரிய இடைவெளி அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. அதிகாரம் அளித்தவர் இறந்தாலோ மனத்தெளிவை இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிவுக்கு வந்துவிடுகிறது என்று ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 201 கூறுகிறது. தந்தைக்கு மறதிநோய் முற்றினால் பயன்படும் என்று நம்பிப் பிள்ளைகள் வாங்கி வைக்கும் பவர், அந்த நோய் முற்றும் காலத்தில்தான் செயலற்றுப் போகிறது. 'எக்காலத்திலும் ரத்து செய்ய முடியாதது' என்று பத்திர எழுத்தர் சேர்த்துவிடும் வாசகமும் உதவுவதில்லை; சொத்தில் முகவருக்கே தனியான உரிமை இருந்தால் மட்டுமே பிரிவு 202 விலக்கு அளிக்கிறது, மகன் என்னும் உறவு அத்தகைய உரிமை ஆகாது. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ 7.4 விழுக்காட்டினர், அதாவது 88 லட்சம் பேர், டிமென்ஷியா என்னும் அறிவுத்திறன் குறைபாட்டுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. அவர்தம் குடும்பங்கள் அனைத்தும் இந்தச் சட்டச் சிக்கலுக்குள் இருக்கின்றன. பவர் ஏஜென்ட் கிரயம் எழுதிக் கொடுக்க வரும்போது, அதிகாரம் அளித்தவர் உயிருடன் இருப்பதற்கான மருத்துவர் சான்றைத் தமிழ்நாட்டின் சார்பதிவாளர்கள் கேட்பது வழக்கம். இறந்தவர் பெயரில் நடக்கும் மோசடியை அது தடுக்கிறதே தவிர, உயிருடன் இருப்பவருக்குத் தெளிவு இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை.

அந்நிலையில் நேர்மையான முகவர் என்ன செய்யலாம் என்பதற்குப் பிரிவு 209 ஒரு வழி காட்டுகிறது. அதிகாரம் அளித்தவர் இறந்தாலும் மனத்தெளிவை இழந்தாலும், தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைக் காத்துப் பேண முகவர் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கவேண்டும் என்று அது கூறுகிறது. வீட்டுவரி கட்டுவது, ஒழுகும் கூரையைச் செப்பனிடுவது, காப்பீட்டுத் தவணை தவறாமல் பார்த்துக்கொள்வது ஆகியவை பேணுதலில் அடங்கும். வீட்டை விற்பது அதில் அடங்காது. தெளிவிழந்த தந்தையின் பெயரில் பழைய பவரைக் காட்டிக் கிரயம் எழுதிக் கொடுக்கும் மகன், பணம் முழுவதையும் தந்தையின் மருத்துவத்துக்கே செலவிட்டாலும், வாங்குபவருக்குக் குறையுள்ள உரிமையையே கொடுக்கிறார்.

அப்படியானால் வழிதான் என்ன என்று கேட்கும் குடும்பத்துக்கு இந்தியச் சட்டங்கள் சிதறலான விடைகளையே தருகின்றன. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில், தெளிவிழந்தவரின் சொத்தைக் கவனிக்கப் பொறுப்பாளரை நியமிக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு வழிவகை இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய முன்விருப்ப அறிக்கைக்கும் நியமனப் பிரதிநிதிக்கும் நல்ல ஏற்பாடுகளைச் செய்தபோதிலும், சொத்துப் பொறுப்பைப் பற்றி ஏதும் சொல்லாமல் விட்டுவிட்டது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளோருக்கு மட்டுமே பாதுகாவலரை நியமிக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு வரம்புடைய பாதுகாவலர் என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டும் நியமிக்கப்படும் அந்தப் பாதுகாவலர், தம் கருத்தைத் திணிக்காமல், பாதுகாக்கப்படுபவரோடு கலந்து, அவர் விருப்பத்துக்கு இணங்க முடிவெடுக்கவேண்டும். பவர் ஏஜென்ட் ஒவ்வொருவரும் தமக்கு விதித்துக்கொள்ளத் தக்க நெறி அது.

விபத்தாலோ பக்கவாதத்தாலோ முழு நினைவிழந்து கோமா நிலையில் கிடப்பவர்களுக்கென எந்தச் சட்டமும் இல்லாததால், அவர்தம் குடும்பங்கள் உயர் நீதிமன்றங்களையே நாட வேண்டியுள்ளது. இத்தகைய மனுக்களைக் கையாளக் கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் விரிவான நெறிமுறைகளை வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் கோமாவில் இருந்த கணவரின் பாதுகாவலராகத் தம்மை நியமிக்கக் கோரிய மனைவியிடம் தனி நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்தை அணுகச் சொல்ல, 2024 மே மாதம் ஈராய அமர்வு அந்த ஆணையை மாற்றி, அரசே ஆதரவற்றோரின் காப்பாளர் என்னும் கோட்பாட்டைப் பயன்படுத்தி அவரையே பாதுகாவலராக நியமித்தது. சொத்தை விற்க அனுமதித்ததோடு, விற்ற தொகையில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புத்தொகையாக வைக்கவேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. மனிதநேயமுள்ள ஆணைதான் அது. ஆயினும் கணவரின் மருத்துவமனைச் செலவுக்குக் கணவரின் பணத்தையே எடுக்க ஒரு மனைவி உயர் நீதிமன்றத்தின் இரண்டு அமர்வுகளைக் கடக்க வேண்டியிருந்தது என்பது சட்டத்தின் குறையையே காட்டுகிறது.

பிற நாடுகள் இக்குறையை எப்போதோ நீக்கிவிட்டன. இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின் கீழும், தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் 2008-ஆம் ஆண்டின் அதே பெயருள்ள சட்டத்தின் கீழும், தெளிவு இருக்கும்போதே ஒருவர் எழுதிப் பதிவு செய்யும் நீடித்த அதிகார ஆவணம், அவர் தெளிவை இழந்தபின்னும் செல்லுபடியாகிறது. எழுதும்போது அவர் அதன் பொருளை உணர்ந்தார், எவருடைய வற்புறுத்தலும் இல்லை என்று தகுதிபெற்ற மூன்றாம் மனிதர் ஒருவர் சான்றளிக்கவேண்டும். பொதுப் பாதுகாவலர் அலுவலகம் ஆவணத்தைப் பதிவு செய்து, முகவர் மீது புகார் வந்தால் விசாரிக்கிறது. திருமணம், பிறந்தநாள் போன்ற வழக்கமான நிகழ்வுகளுக்கு அளவான அன்பளிப்பு தரலாம், அதற்கு மேல் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டம் வரையறுத்திருப்பதால், மொய்யும் சீரும் போன்ற கேள்விகளுக்குக்கூட அங்கே எழுதப்பட்ட விடை இருக்கிறது.

அத்தகைய சட்டம் இங்கே வரும்வரை குடும்பங்கள் செய்யக்கூடியவை சிலவே. பொது அதிகாரமாக எல்லாவற்றையும் எழுதாமல், தேவைப்படும் செயலுக்கு மட்டும் தனி அதிகாரம் அளிப்பது. விற்பனைத் தொகை எந்தக் கணக்குக்குச் செல்லவேண்டும் என்பதை ஆவணத்திலேயே எழுதுவது. வங்கிக் கணக்குகளைக் கூட்டுக் கணக்குகளாக்கிக் கொள்வது. முதியவர் கையெழுத்திடும் நாளில் அவர் தெளிவுடன் இருந்தார் என்று மருத்துவரிடம் சான்று பெறுவது. சிகிச்சை முடிவுகளைப் பற்றிய விருப்பத்தை, 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று 2023-இல் எளிமைப்படுத்திய முறைப்படி, நோட்டரி முன்னிலையில் தனி ஆவணமாக எழுதிவைப்பது ஆகியன அவற்றுள் முக்கியமானவை. பவரை ரத்து செய்ய விரும்புபவர், ரத்து ஆவணத்தைப் பதிவு செய்வதோடு நில்லாமல், முகவருக்கும் வங்கிக்கும் வாடகைதாரருக்கும் பதிவுத்தபாலில் அதனைத் தெரிவித்துவிடவேண்டும். ஏனெனில் ரத்தான செய்தி தமக்கு எட்டும்வரை, நல்லெண்ணத்தோடு முகவருடன் பரிமாற்றம் செய்த மூன்றாம் மனிதரை ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 208 காக்கிறது. அதிகாரம் அளித்தவர் இறந்த செய்தி அறிந்த கணத்திலிருந்து முகவரின் வேலை, கையிலுள்ள ஆவணங்களையும் கணக்கையும் வாரிசுகள் எல்லோருக்கும் பொதுவாகப் பாதுகாத்து ஒப்படைப்பது மட்டுமே, ஏ.டி.எம். அட்டையை ஈமச்சடங்குச் செலவுக்காகக்கூட அவர் பயன்படுத்துவது பிழை.

ஒப்பந்தங்களும் முகவர் நியமனமும் இந்திய அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் ஏழாம் இனமாக உள்ளன. ஆகவே நீடித்த அதிகார ஆவணத்துக்கான சட்டத்தை நாடாளுமன்றம் மட்டுமன்றித் தமிழ்நாடு சட்டமன்றமும், குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன், இயற்ற முடியும். முதியோர் எண்ணிக்கை விரைந்து பெருகிவரும் மாநிலங்களுள் ஒன்றான தமிழ்நாடு, அசையாச் சொத்துக்கான பவரைக் கட்டாயப் பதிவுக்குக் கொண்டுவந்து 2012-இல் முன்கை எடுத்ததைப்போல, இதிலும் முதலில் சட்டம் இயற்ற முன்வர வேண்டும்.